மாதுளையடியில் ஒரு ரொட்டி

1

இந்தக் கதை என் தங்கை மன்னூபியாவின் தோட்டத்து எருக்குழியிலிருந்து கிடைத்தது. எங்கள் குடும்பத்துக் குழி. அதில் இருந்தது என்ன என்று ஊர் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுவதே முறை.

'மாதுளைத் தோல், முட்டை ஓடு, வெங்காயச் சருகு, ஆட்டுச் சாணம் இவற்றை அடுக்கடுக்காக...' வேண்டாம். விவசாயக் குறிப்பு போல இருக்கிறது.

2

மன்னூபியா மாதுளையடியில் அடுக்களைக் கழிவைப் புதைத்து, பேரீச்ச ஓலையால் மூடிவைப்பாள். மண் கறுத்து, பொலபொலவென்று உதிரும். எங்கள் ஊர் காபெஸின் பேரீச்சந்தோப்பில் அவள் புதினாவுக்கு ஈடு கிடையாது. (எங்கள் வீட்டுப் பெண்கள் கைராசிக்காரர்கள்.)

ரொட்டி மட்டும் குழிக்குப் போகாது. மீந்ததைப் பையில் கட்டி வாசல் கதவில் மாட்டுவோம், ஆட்டுக்காரர்கள் எடுத்துப்போவார்கள்.

3

எரு அள்ள வந்த பக்கத்து வீட்டு ஸல்ஹாவின் கூடையில் ஒரு ரொட்டித் துண்டு... இல்லை, முழு ரொட்டி.

(பேச்சு, பிறகு ஸல்ஹாவிடம் கேட்டு வாங்கியது.)

"ஏன்டி, ரொட்டியையா குப்பையில போட்ட?"

"குப்பை இல்லக்கா. மண்ணு."

"வாசல்ல மாட்டினா கை தேஞ்சிடுமோ?"

"முழுசா மாட்டினா, யாருக்குச் சுட்டேன்னு கேப்பீங்க."

யாருக்கு என்று ஸல்ஹா கேட்கவில்லை. மண்ணைத் தட்டி, ரொட்டியை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

(இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மன்னூபியாவின் மகன் மொன்ஸெஃப் கடல் தாண்டிப் பிழைக்கப் போன படகு கரை சேரவில்லை. உடலும் வரவில்லை. மூத்தவன் என்ற முறையில், அவன் இறந்தான் என்று அறிவித்து, ஊரைக் கூட்டித் துக்கச் சாப்பாடாகக் குஸ்குஸ் பரிமாறியவன் நான். அதற்குப் பிறகும் அவனுக்கென்று ரொட்டி சுடுவது என் சொல்லைப் பொய்யாக்குவது.)

4

ஒரு முடிவு: மொன்ஸெஃப் கதவைத் தட்டுகிறான். எழுதினேன். என்ன சட்டையில் வருவான் என்று தெரியாமல் நின்றுபோனது.

இன்னொன்று: ஸல்ஹா அந்த ரொட்டியைத் தன் வாசலில் மாட்டி, "எங்க வீட்டுல மிஞ்சினது" என்கிறாள். நடந்தது இதுதான். ஆனால் எங்கள் மானத்தை அண்டை வீடு காத்ததாகக் கதையை முடிக்க எனக்குச் சம்மதமில்லை. மேலும், ரொட்டியின் நடுவில் பதிந்த கட்டைவிரல் பள்ளம் என் தங்கையுடையது என்று, அந்த வழியே போன எனக்குத் தெரியாதா?

5

விடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போனேன். கண்டிக்க ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: 'நம் குடும்பத்தில் இதுவரை எவரும்...'

ரொட்டியை உட்சுவரில் ஒட்டிச் சுடும் மண்ணடுப்பு கனன்றுகொண்டிருந்தது. மன்னூபியா தலை தூக்கவில்லை.

"வீட்டுல நாங்க மூணு பேரு. கை பாட்டுக்கு நாலு உருட்டிடுது. எத்தனை ஒட்டட்டும், அண்ணே?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதி, அடித்துவிட்டேன். அது எங்கள் வீட்டு விஷயம்.

நாலாவது உருண்டை பலகையில் இருக்கிறது. மாவு காய்வதற்குள் எத்தனை என்று நீங்கள் சொல்லுங்கள்.