வெள்ளைச் சுவரில் ஐந்து வரிகள்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. ஜெயராம் என்னிடம் சொல்லி ஆறு வருடமாகிறது. அவர் நிறுத்தி நிறுத்திப் பேசுபவர். அவர் சும்மா இருந்த நேரங்களையும் சேர்த்துக் கதையாக்கி வைத்திருக்கிறேனோ என்னவோ. எழுத்துகளின் வரிசையை நிச்சயம் மாற்றித்தான் சொல்வேன். சுவர் வெள்ளை என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஜெயராமின் மகள் வர்ஷினி இடது கண்ணில் புரையோடு பிறந்தவள். அது தெரியவந்தபோது அவளுக்கு ஐந்து வயது. பிறந்தநாள் புகைப்படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெளுப்பாக விழுந்திருந்தது. அறுவை செய்து, உள்ளே லென்ஸ் வைத்தார்கள். கண் தெளிந்துவிட்டது, பார்வை வரவில்லை. இத்தனை நாள் மங்கிக் கிடந்த கண்ணைப் பயன்படுத்த மூளை பழகவேயில்லை என்று டாக்டர் ரமணி விளக்கினார். நல்ல வலது கண்ணைத் தினமும் ஆறு மணி நேரம் பேட்ச் ஒட்டி மறைக்க வேண்டும். வேறு வழியில்லாமல் இடது கண் வேலை செய்யத் தொடங்கும்.

"ஏழெட்டு வயசுக்குள்ள எவ்வளவு வருதோ அவ்வளவுதான் சார். அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் பெருசா வராது" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மனைவி ப்ரியம்வதாவுக்குப் பதவி உயர்வோடு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. செகந்திராபாத் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவள், "ஆறு மாசம் பாப்பேன். கண்ணு தேறலைன்னா வேலையை விட்டுட்டு வந்துடுவேன்" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றார் ஜெயராம்.

மாரெட்பள்ளியில் இரண்டாம் மாடி வீடு. பள்ளி விட்டதும் கீழ்வீட்டு லலிதா பேட்சை ஒட்டிவிடுவாள். ஐந்தரைக்கு பாலாநகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து ஜெயராம் மகளை மேலே அழைத்துக்கொள்வார். பேட்ச் எட்டு மணி வரை. அதோடு இருக்கும்போது வர்ஷினி விளையாட மாட்டாள். சோபாவின் மூலையில் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "வத்து அப்பா, தீஸேய் அப்பா" என்று தெலுங்கில் கெஞ்சுவாள், எடுத்துவிடச் சொல்லி. என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியாது. இன்னொரு நாற்காலியில் அவரும் உட்கார்ந்திருப்பார். மின்விசிறி சுற்றும். கீழே ஸ்கூட்டர்கள் போகும்.

ஆலையில் அவருக்கு அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. டாக்டர் அறையில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை ஒருநாள் போனில் படம் எடுத்தார். அதே அளவில் அச்சடித்து, எழுத்தின் உயரத்தை வெர்னியர் அளவுகோல் வைத்துச் சரிபார்த்தார். சமையலறைச் சுவரில் மாட்டி, டேப் பிடித்து ஆறு மீட்டர் அளந்தார். அது ஹாலைத் தாண்டி, படுக்கையறைக் கட்டில்கால் வரை போனது. அங்கே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு.

தினமும் பேட்சை எடுப்பதற்குமுன் வர்ஷினி அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். முதல் வாரம் ஒரு எழுத்தும் தெரியவில்லை. தவறாகச் சொன்னால் அவர் திருத்துவார். "ஹெச் இல்ல அம்மு, என். எங்க, மறுபடி சொல்லு." பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்செய்வது போலத்தான். பழகப் பழகக் கண் தேறும் என்று நினைத்தார். இரண்டாம் மாதம் மூன்று வரி படித்தாள். அவர் கைதட்டி, "சூப்பர்!" என்று கத்திவிட்டார். அந்த வீட்டில் அவ்வளவு உரத்த குரல் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

டாக்டரிடமும் படித்தாள். அதே பலகை. மூன்று வரி, பிறகு நான்கு. பேட்ச் நேரத்தை இரண்டு மணியாகக் குறைத்தார்கள். போனில் ப்ரியம்வதா சிரித்தாள். "நான் இல்லாமலே ரெண்டு பேரும் சாதிச்சுட்டீங்க, போங்க. இனிமே நான் எதுக்கு?" வேலையை விடும் பேச்சை அவள் எடுக்கவில்லை. ஐந்து மாதம் இப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறைக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். கழற்றி வைத்த காகிதத்தை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டே ஜெயராம் வழக்கம்போல, "ரெடியா?" என்றார்.

"ஹவ்" என்று தலையாட்டினாள் வர்ஷினி. பேட்ச் ஒட்டிக்கொண்டு கோட்டில் நின்றவள், சுவரைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினாள். "ஹெச். டி, என். யூ, ஓ, இஸட்..."

காகிதம் ஜெயராமின் கையில் இருந்தது. சுவரில் ஆணிகூட இல்லை.

அவள் ஐந்து வரியையும் தப்பில்லாமல் சொல்லி முடித்தாள். கைதட்டலுக்காகக் காத்து நின்றாள்.

ஜெயராம் அவளருகில் போய் மண்டியிட்டார்.

"அங்க என்ன தெரியுது அம்மு?"

"வெள்ளையா இருக்கு."

"எழுத்து?"

"அது தலையில இருக்கு" என்றாள். பிறகு, அவர் முகம் மாறியதைப் பக்கத்திலிருந்து கண்டுகொண்டு, "ஸ்கூல்ல மிஸ் பைஹார்ட் பண்ணா குட்னு சொல்வாங்க. நீங்க சூப்பர் சொல்வீங்க. அப்ப மட்டும்தான் சொல்வீங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். பேட்சை அடியோடு நிறுத்திவிடலாம் என்று போன தடவையே சொல்லியிருந்தார். அந்த ஆறு நாளும் ஜெயராம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ஆறு மணி நேரம், மறுபடி அந்தச் சோபா மூலை. ப்ரியம்வதாவிடம் "நான் பாத்துக்கறேன்" என்றது பொய்யாகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குழந்தை சிரித்துக்கொண்டிருப்பாள், ஒரு கண்ணோடு. கருவியைச் சோதிக்கும்போது விடையை அதற்குள்ளேயே ஊட்டி வைக்கக்கூடாது என்று புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடம் எடுப்பவர் அவர்.

சனிக்கிழமை. வர்ஷினி இரண்டாவது வரியில் இருந்தபோது அவர் எழுந்தார்.

"டாக்டர், வேற சார்ட் வைங்க."

"ஏன் சார்? நல்லாத்தானே படிக்கறா?"

"வைங்க டாக்டர்."

வைத்தார்கள். வர்ஷினி அப்பாவின் பக்கம் ஒருமுறை திரும்பினாள். பிறகு பழைய வரியையே சொன்னாள். "ஹெச். டி, என்." குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றது.

டாக்டர் ரமணி விளக்கைப் போட்டார். நடந்ததைக் கேட்டார். "பரீட்சைக்கு பசங்க பிட் அடிப்பாங்க. அப்பாவே எழுதிக் குடுத்ததை இப்பதான் பாக்கறேன்" என்றார். பிறகு மெதுவாக, "நானும் சார்ட்டை மாத்தியிருக்கணும்" என்றார். விரல்களைக் காட்டிப் பார்த்ததில், மூன்று மீட்டருக்கு அப்பால் இடது கண்ணுக்கு எண்ணத் தெரியவில்லை. அறுவை முடிந்தபோது இருந்த அதே பார்வை.

"இப்ப அஞ்சரை வயசு. இன்னும் நேரம் இருக்கு. முன்ன இருந்த அளவு இல்ல."

வெளியே வந்ததும் ஜெயராம் விசாகப்பட்டினத்துக்குப் போன் செய்தார். ப்ரியம்வதா முழுக்கக் கேட்டாள். கடைசியில், "நீங்க என்கிட்ட ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். வர்ஷினி பேட்சோடு ஆட்டோவின் அந்த ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் பதினோரு நாள் அப்பாவிடம் பேசவில்லை. ஜெயராம் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆறு மணி நேர பேட்ச் எட்டு வயதுவரை நடந்தது. சுவரில் எதுவும் மாட்டவில்லை. ஜெயராம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கவும் ஊசியில் மணி கோக்கவும் வைத்தார், பேசிக்கொண்டே. பேசக் கற்றுக்கொள்ள அவருக்கும் கொஞ்ச நாள் பிடித்தது. வர்ஷினியின் இடது கண் இப்போது பலகையில் மூன்றாவது வரி வரை படிக்கிறது; அதற்குக் கீழே இனி வராது. அவளுக்குப் பன்னிரண்டு வயது, எப்போதும் கண்ணாடி போட்டிருக்கிறாள். ப்ரியம்வதா வேலையை விடவில்லை. இரண்டு வருடம் கழித்து மாற்றல் வாங்கி வந்தாள். லலிதா வீடு மாறி சனத்நகர் போய்விட்டாள். டாக்டர் ரமணி அறையில் நான்கு பலகைகள் இருக்கின்றன. ஜெயராம் அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறார்.