வீட்டில் ஒரு மொழி மட்டும்

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்த பள்ளிக்கூட மொழி மொத்தமும் லிஃப்டுக்குள் ஒட்டியிருந்தது. ‘கதவை விட்டு விலகி நிற்கவும்.’ ‘எட்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது.’ ‘ஆபத்து நேர்ந்தால் மணியை அழுத்தவும்.’ பதினோரு வருடமாக இந்த வெளிநாட்டு ஊரில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதும் இல்லை. லிஃப்ட் யாரோடும் ஊர்க்கதை பேசுவதில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பேசுவார்கள்தான். ஆனால் அவர்கள் கத்துகிற மொழி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

தமிழில் அவர் வேறு ஆள். நாலு பேர் கூடுகிற இடத்தில் அவர் பக்கத்து நாற்காலிக்குப் போட்டி நடக்கும். “இந்த வாய்க்குத்தான் மயங்கினேன், இப்ப இந்த வாயாலதான் தலைவலி மாத்திரை போடறேன்” என்று அவர் மனைவியே சொல்வாள். அவருக்கு அதில் பெருமைதான். தலைவலி வரவழைக்கிற அளவுக்குப் பேச எல்லாராலும் முடியுமா?

அப்படிப்பட்ட வாய்க்குப் பூட்டுப் போட்டது ஒரு காகிதம். மூன்று வருடத்துக்கு முன்பு, மகளுக்கு ஆறு வயதாகியும் பேச்சு வராமல் இருந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு வந்துபோகிற பேச்சு நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. இரண்டு மொழி காதில் விழுந்தால் இந்தக் குழந்தை குழம்பிவிடும். வீட்டில் ஒரு மொழி மட்டும், அதுவும் பள்ளிக்கூட மொழி மட்டும். கீழே கையெழுத்து, முத்திரை. மெக்கானிக் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு பாஸ்போர்ட்டுகளோடு வைத்தார்.

மற்றவர்கள் டாக்டர் சொன்னதை மூன்று நாள் கேட்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் மூன்று வருடம் கேட்டார்கள்.

மகளின் வீட்டுப் பெயர் மிளகு. பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள், அதே சுருக்கங்களோடு. அவளைத் தூக்கும்போது மெக்கானிக், “அதிக எடை. ஒருவர் இறங்கவும்” என்பார். அவள் சிரிப்பாள். படுக்கப் போகும்போது, “கதவு மூடுகிறது” என்று போர்வையை இழுத்துவிடுவார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற அம்மாவிடம் நான்கு சொற்கள் இருந்தன: ஈரம், கறை, மடி, அடுத்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, “அடுத்தது” என்பாள். மகளைக் குளிப்பாட்டித் துவட்டும்போது, “ஈரம், ஈரம், ஈரம்” என்று கொஞ்சுவாள். அதற்கு மேல் கொஞ்ச அவளுக்கு ஒரு சொல் அகப்படவில்லை.

தமிழுக்கு இடம் வாசலுக்கு வெளியே, மாடிப்படியில். ஊரிலிருக்கிற அக்காவோடு ஸ்பீக்கர் போட்டு போனில் பேச மெக்கானிக் அங்கேதான் போவார். புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தாலும் ஒருவர் கண்ணைக் காட்ட, இருவரும் எழுந்து போய், கதவைச் சாத்திவிட்டு, படியில் நின்று சண்டை போட்டுவிட்டு வருவார்கள். பிள்ளையின் முன்னால் குரல் உயர்த்தாத இப்படியொரு தம்பதி உண்டா என்று பக்கத்து வீட்டுக்காரர் தன் மனைவிக்கு இவர்களை உதாரணம் காட்டினார்.

மிளகுக்கு இப்போது ஒன்பது வயது. இருபத்தெட்டுப் பிள்ளைகள் படிக்கிற சாதாரண வகுப்பில், வளையத்தில் கோத்த பட அட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் அட்டை, கழிப்பறைக்குக் கழிப்பறை அட்டை. காலையில் இருபத்தெட்டு நோட்டையும் அவள்தான் கொடுப்பாள். எல்லா நோட்டுக்கும் ஒரே நீல அட்டை, ஒரு நாள்கூட ஆள் மாறிப் போனதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தின் படிவத்தில் நோட்டு கொடுப்பதற்குக் கட்டம் கிடையாது. பேச்சுக்குத்தான் கட்டம் இருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் கவனிப்பார்கள். அதற்குள் அவள் தானாக இரண்டு சொல்லைச் சேர்த்து ஐந்து தடவை பேச வேண்டும். பேசினால் இதே வகுப்பு. இல்லையென்றால் ஊர்க்கோடியிலிருக்கிற தனிப் பள்ளி, காலையில் ஒன்றேகால் மணி நேரம் வேனில். அங்கே ஒரு வகுப்புக்கு ஆறு பிள்ளைகள். ஆறு பேருமே பேசாதவர்கள்.

“கேட்டதைத் திருப்பிச் சொன்னால் அது கணக்கில் வராது” என்று தலைமை ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார். போன வருடம் அவர் குனிந்து, உனக்கு என்ன வேண்டும் கண்ணே என்று கேட்டதற்கு மிளகு, “மணியை அழுத்தவும்” என்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்த மெக்கானிக்கைத் துணை ஆசிரியை நிறுத்தினார். இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண். மிளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுப்பவர்.

“வீட்டில் அவளோடு எந்த மொழியில் பேசுவீர்கள்?”

மெக்கானிக்குக்கு இது தெரிந்த கேள்வி. பள்ளிக்கூடத்துக்கு வரும்போதெல்லாம் பையில் போட்டுவருகிற பிளாஸ்டிக் உறையை எடுத்து, டிக்கெட் பரிசோதகரிடம் காட்டுவதுபோல் நிமிர்ந்து நின்று நீட்டினார். துணை ஆசிரியை படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு பக்கத்திலிருந்த, பிள்ளைகள் உட்காருகிற குட்டி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“மூன்று வருடமாகவா?”

“மூன்று வருடம். ஒரு நாள் தவறவில்லை.”

“இது தவறு. இரண்டு மொழியால் எந்தக் குழந்தையும் குழம்பாது. உங்கள் மொழியில் பேசுங்கள். நிறையப் பேசுங்கள். இன்றைக்கே.”

மெக்கானிக் சிரித்தார். புரியாதபோது சிரிப்பது அவர் வழக்கம். ஆசிரியை சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிய ஆரம்பித்தது.

அன்றைக்கு மாடிப்படியில் நீண்ட சண்டை.

“வெள்ளிக்கிழமை ஒருத்தி வந்து இப்படிம்பா, திங்கட்கிழமை இன்னொருத்தி வந்து அப்படிம்பா. யாருங்க அவ? நேத்து வேலைக்கு வந்தவ. அவளுக்கு முத்திரை இருக்கா?”

“முத்திரை இல்லம்மா. ஆனா படிச்சுட்டு அந்தப் பொண்ணு முகம் செத்துப்போச்சு. பொய் சொல்றவ முகம் அப்படிப் போகாது.”

“சரி, நெசம்னே வெச்சுக்குவோம். பரீட்சைக்கு நாலு நாள்தான் இருக்கு. இப்பப் போயி புதுசா ஆரம்பிச்சு, புள்ள இருக்கிற நாலு வார்த்தையும் மறந்துட்டா?”

ஓடுகிற லிஃப்டில் கை வைக்கக் கூடாது என்பது மெக்கானிக் தொழிலின் முதல் பாடம். மனைவி சொன்னது அவருக்கு நியாயமாகவே பட்டது.

“மூணு வருஷம் பொறுத்துட்டோம்” என்றாள் மனைவி. “செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுத்துக்குவோம்ங்க. அப்புறம் நீங்க விடிய விடியப் பேசுங்க, நான் கேக்கறேன்.”

“நீ கேப்பியா?”

“பஞ்சு வெச்சுக்கிட்டுக் கேக்கறேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர்களை உட்காரவைத்த அறையில் ஒரு வட்ட மேசை, ஒரு பெட்டி பொம்மைகள், சுவரில் ஒரு கடிகாரம். தலைமை ஆசிரியை கையில் படிவம். நல்ல பெண்மணி, மிளகுக்காகத் தன் பிள்ளையின் பழைய ரயில் பொம்மையை வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார். துணை ஆசிரியை கேட்டார், மிளகு பார்த்தாள். ரயிலைக் காட்டினார், மிளகு அட்டையைக் காட்டினாள். பதினைந்து நிமிடத்தில் படிவத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. அம்மா முந்தானை நுனியை நாலாக, எட்டாக, பதினாறாக மடித்து, மடிக்க இடமில்லாமல் பிரித்தாள்.

துணை ஆசிரியை தலைமை ஆசிரியை பக்கம் திரும்பி, “அப்பா அவர்கள் மொழியில் பேசிப் பார்க்கட்டுமே” என்று கெஞ்சினார். தலைமை ஆசிரியை யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். மூன்று வருடமாக மகளிடம் தமிழில் பேசாதவர் எங்கிருந்து ஆரம்பிப்பார்? ஆறு வயதுப் பிள்ளையிடம் விட்ட இடத்திலிருந்தா?

“மிளகு…” என்றார். “அப்பா பேசறேன்டா. ரயில் பாரு, எவ்ளோ நல்லா இருக்கு. நாம போவோமா ரயில்ல?”

மிளகு திடுக்கிட்டாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மேசையைச் சுற்றியிருந்த மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கினாள். அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய், அறைக் கதவை மெதுவாக, தாழ் சத்தம் வராமல் சாத்தினாள்.

வராந்தாவில் யாரும் இல்லை. மிளகு அண்ணாந்து பார்த்தாள்.

“அப்பா, பேசு” என்றாள்.

சொன்னது தமிழ். மெக்கானிக்கின் அக்காவின் இழுவைகூட அதில் இருந்தது. ஒவ்வொரு முறை படியில் நின்று பேசியபோதும் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் இவள் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“என்னடா சொன்ன? மறுபடி சொல்லு தங்கம்.”

“அத்தை எங்க?”

“அத்தை… அத்தை ஊர்ல இருக்காடா. போன் போடலடா இப்ப.”

“போன் எடு.” பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “அப்பா அழுவாத” என்றாள்.

நான்கு. அழுதுகொண்டே அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு ஆகிவிட்டது. இன்னும் ஒன்று. அதுவரை தன் வாழ்க்கையில் செய்த எல்லாத் தவறுகளையும்விடப் பெரிய தவறு ஒன்றை அப்போது அவர் செய்தார்: உள்ளே இருப்பவர்கள் கேட்கட்டும் என்று கதவைத் திறந்தார்.

“பேசறா! வந்து கேளுங்க!” என்று தமிழில் கத்தினார். அம்மா எழுந்தாள். துணை ஆசிரியை ஓடி வந்தார். மிளகு திறந்த கதவைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். அத்தை எங்கே என்று அவர் கேட்டார், போன் வேண்டுமா என்று கேட்டார், தரையில் மண்டியிட்டுக் கெஞ்சினார். அவள் வளையத்தைப் புரட்டித் தண்ணீர் அட்டையை எடுத்துக் காட்டினாள்.

தலைமை ஆசிரியை அவருக்கும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

“நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன்” என்றார். “ஆனால் இந்தக் காகிதமும் நம்ப வேண்டும். எங்களில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்.”

“கேட்டிருந்தால்?” என்றார் துணை ஆசிரியை. “கேட்டிருந்தால் அந்த மொழியை எழுதிக்கொள்வீர்களா?”

தலைமை ஆசிரியை படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். ஒளித்து வைத்த கட்டம் எதுவும் அங்கே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து வேன் வரும், வேனில் ஓர் ஆயா இருப்பார், நல்ல பள்ளிதான், தோட்டம்கூட இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் ‘விளக்கம் பெற்றேன், புரிந்துகொண்டேன்’ என்று இருந்தது. புரியவில்லை என்பதற்கு ஏதாவது இடம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு போட்டார்.

அம்மா துணை ஆசிரியையிடம், உடைந்த பள்ளிக்கூட மொழியில், சொல் சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள். “நாங்கள்… வீட்டில்… எங்கள் பேச்சு. எப்போது முதல் பேசலாம்?”

துணை ஆசிரியைக்குக் கண் நிறைந்துவிட்டது. “எப்போதுமே பேசியிருக்கலாம் அம்மா” என்றார்.

அம்மா மகள் முன்னால் போய் உட்கார்ந்தாள். கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். “என் தங்கமே, என் கண்ணே, என் ராசாத்தி, அம்மாகிட்ட பேசமாட்டியா, அம்மா உன்கிட்ட பேசலன்னு கோவமா, உனக்குக் காய்ச்சல் வந்தப்ப எல்லாம் என்னென்னமோ சொல்ல வந்துச்சு கண்ணு, முழுங்கிட்டேன், எல்லாத்தையும் முழுங்கிட்டேன், அந்தப் பாழாப்போன காகிதத்த நம்பி…” குரல் ஏறிக்கொண்டே போனது. மூச்சு விட நிறுத்தவில்லை. மூன்று வருடத்துச் சொற்கள் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து ஒன்றையொன்று நெருக்கின.

மிளகு இவ்வளவு சத்தத்தை இவ்வளவு பக்கத்தில் கேட்டதே இல்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தரையில் உட்கார்ந்து முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“போதும்மா, புள்ள பயப்படுது” என்று மெக்கானிக் மனைவியின் தோளைத் தொட்டார். அவள் பாதிச் சொல்லில் நிறுத்தினாள். வராந்தாவில் அடுத்த குடும்பம் வந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம். தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததற்காக வெட்கப்பட்டு, ரயிலைப் பெட்டிக்குள் எடுத்து வைத்தார்.

மிளகு காதிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்படியே இருந்தவளை அப்பா தூக்கிக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் தூக்கினார். எந்த மொழியில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.