முதல் வெர்ஷன் அடாப்டர்

திருமழிசையில், பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியின் வாசலில், வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் வரிசை நகராமல் நின்றது. மெஷின் மறுபடியும் 'நெட்வொர்க் இல்லை' என்று காட்டியது. மோல்டிங் பிரிவு அங்கம்மா கட்டைவிரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள்.

"இன்னா ரெனிதா, நான் இங்க நின்னுகினு கீறேன், உன் மெஷினு நான் வரவேயில்லன்னுது. நேத்து மாதிரி இன்னைக்கும் அரை நாள் சம்பளத்தைப் புடிச்சுருவாங்களா?"

ரெனிதா ரவுட்டரை அணைத்துப் போட ஓடினாள். கம்பெனியில் கம்ப்யூட்டர் தொல்லை மொத்தமும் அவள் தலையில்தான். ஆனால் அவள் காண்ட்ராக்டரின் ஆள்; மாதக் கடைசியோடு சரி. "காரணத்தைக் கண்டுபிடிம்மா, நிரந்தரமா எடுத்துக்கறேன். நம்ம நெட்வொர்க்தானே, எப்படி வேணா டெஸ்ட் பண்ணு" என்று முதலாளி தட்சிணாமூர்த்தி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாஸ்வேர்டே தெரியாமல், வெளியே இருந்து யாரோ மெஷினை வைஃபையிலிருந்து கழற்றிவிடுகிறார்கள் என்பது அவள் சந்தேகம். அதைச் சோதிக்க லேப்டாப்பின் வைஃபை உதவாது. அது தனக்கு வருவதை மட்டும்தான் கேட்கும். காற்றில் போகிற எல்லாவற்றையும் கேட்கவும், தானே ஒரு சிக்னலை அனுப்பவும் தெரிந்த, லேப்டாப்பில் செருகும் வைஃபை அடாப்டர் வேண்டும். வீடியோவில் சொன்ன மாடலை ஆசை ஆசையாக வரவழைத்தாள். செருகினால், சனியன் அசையவே இல்லை.

சாயங்காலம் குமணன்சாவடியில் இறங்கி, நேராக ஆன்டோவின் லேப்டாப் ரிப்பேர் கடைக்குப் போனாள். ஆன்டோ அவள் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவன். பழைய சாமான் எதையும் தூக்கிப்போட மனசு வராதவன்.

"மாடலு கரீட்டுதாம்மா. ஆனா இது ரெண்டாவது வெர்ஷன். டப்பா அதேதான், உள்ள சிப்ப மாத்திட்டான். நீ கேக்குற வேலையை இது செய்யாது."

"ஐயோ, அப்ப முதல் வெர்ஷன் எங்கண்ணா கெடைக்கும்?"

"இப்ப எவன் விக்கிறான்? இரு, இரு, எங்கயோ பாத்துகீறேன்."

இருவரும் தரையில் உட்கார்ந்து ஓட்டை உடைசல்களைக் கிளறினார்கள். ஆன்டெனா மூளியான ஓர் அடாப்டர் அகப்பட்டது. ரெனிதா செருகினாள். அவள் தேடிய அதே சிப்பின் பெயர் திரையில் வந்தது. எல்லாவற்றையும் கேட்கும் நிலைக்கு மாற்றினாள், மாறியது!

"மாறிடுச்சுண்ணா!"

அவள் கத்திய கத்தலில் பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது. ஆன்டோ வேறு ஆன்டெனா திருகிக் கொடுத்தான். "எடுத்துகினு போ. வேலை பர்மனென்ட் ஆனா பிரியாணி போடணும், ஆமா!"

மறுநாள் மதியம் ரெனிதா சுவருக்கு வெளியே ரோட்டில் நின்றாள். முதலாளி உள்ளே மெஷினைப் பார்த்தபடி போனில் இருந்தார். அவள் லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டினாள்.

"யம்மாடி! 'நெட்வொர்க் இல்லை'ங்குதும்மா! ரோட்ல இருந்தா?"

"ஆமா சார்! காலைல வரிசை நிக்கும்போது யாரோ இதையேதான் செய்றாங்க, இன்னைக்கு இந்த அடாப்டர்ல சிக்னல் தெரிஞ்சுது. மெஷினுக்குக் கேபிள் இழுத்துட்டா போதும் சார். யாருக்கும் அரை நாள் போகாது."

"பின்னிட்ட போ!" என்றார். பிறகு ரோட்டுக்கே வந்து அந்த அடாப்டரைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உங்கிட்டயே இருக்குமா?"

"எப்பவும் பையிலதான் சார்!" என்றாள் ரெனிதா பெருமை பொங்க.

திங்கட்கிழமை மெஷினுக்குக் கேபிள் வந்திருந்தது. வரிசை மளமளவென்று நகர்ந்தது. ரெனிதா விரல் வைத்தாள். 'பதிவில் இல்லை' என்றது. துப்பட்டாவில் விரலைத் துடைத்து மறுபடியும் வைத்தாள்.

"மெஷினு நல்லாதாம்மா கீது," என்றார் வாட்ச்மேன் ராமன், அவள் முகத்தைப் பார்க்காமல். "ரோட்ல நின்னே மெஷின நிறுத்தத் தெரிஞ்ச பொண்ணு உள்ள வாணாமாம். ஓனர் சொல்லிட்டாரு."

அவள் ஒதுங்கி நின்றாள். அங்கம்மா அவளைப் பார்த்துக்கொண்டே விரல் வைத்தாள். மெஷின் 'நன்றி' என்றது. பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும், ஒருவரையும் விடாமல், சொல்லிக்கொண்டே இருந்தது.