கிராவிட்டி உபயம்

ஸ்ரீராம்புரம் மூன்றாவது கிராஸ் தெருவில் மாரியம்மன் பல்லக்கைத் தோளில் தூக்குவதில்லை. டிராக்டர் டிரெய்லர் மேல் சவுக்குக் கட்டையும் மூங்கிலும் கட்டி, தெர்மாகோல் ஒட்டி, பூவும் சீரியல் பல்பும் சுற்றிக் கோபுரம் மாதிரி நிறுத்துவார்கள். உச்சியில் ஓர் ஆள் நிற்பான். குறுக்கே வரும் ஒயர்களைக் கவட்டைக் கோலால் தூக்கிவிடுவது அவன் வேலை. கரண்டை முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள், அதனால் ஷாக் அடித்துச் சாக மாட்டான். விழுந்து சாகலாம். அதை நிறுத்த யாரும் ஏற்பாடு செய்ததில்லை.

அந்த ஆள் சின்னப்பா. வருஷம் முழுக்கக் கயிற்றில் தொங்கி அடுக்குமாடிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். தரையில் நிற்கும்போதுதான் அவருக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியாது.

இந்த வருஷம் நாலாவது கிராஸ்காரர்கள் முப்பதடி கட்டுவதாகத் தகவல் வந்தது. கமிட்டித் தலைவர் கோவிந்தப்பா உடனே முப்பத்தைந்து என்று அறிவித்தார். டிரெய்லரின் அகலம் மட்டும் போன வருஷத்து அகலம்தான்.

சின்னப்பாவின் மகள் சுனிதா டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறாள். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவர்கள் வீட்டுத் தையல் மெஷின் மேல் உட்கார்ந்திருந்தது. அதில் பிசிக்ஸ் படிக்க ஓர் இலவச சாஃப்ட்வேர். கட்டை, சக்கரம், கயிறு, எதை வரைந்து ஓடவிட்டாலும் நிஜத்தில் என்ன ஆகுமோ அதைத் திரையில் காட்டும். சுனிதா டிரெய்லரை வரைந்தாள், முப்பத்தைந்தடிக் கோபுரத்தை வரைந்தாள், உச்சியில் அப்பாவுக்காக ஒரு சின்ன உருண்டையை வைத்தாள். தண்ணீர்க் குழாய்த் திருப்பத்தில் ரோடு சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். அதையும் அளந்து வந்து வரைந்தாள். ஓடவிட்டதும் கோபுரம் சாய்ந்தது. உருண்டை சாக்கடையில் போய் நின்றது.

சின்னப்பா பார்த்துவிட்டு, "என்னை எதுக்குடி உருண்டையா போட்ட?" என்று மட்டும் கேட்டார்.

அவர் சொல்லி கமிட்டி கேட்காது. கமிட்டி சொன்னால் அவர் ஏறுவார். ஆகவே சுனிதா கமிட்டியையே வீட்டுக்கு வரவழைத்தாள். கோவிந்தப்பா ஒரே நாற்காலியில் உட்கார, செயலாளர் ஷங்கரும் மற்றவர்களும் கட்டில் மேலும் வாசற்படியிலும் நெருக்கிக்கொண்டார்கள்.

"இது எவ்ளோம்மா?" என்றார் கோவிந்தப்பா.

"ஃப்ரீ மாமா."

"திருட்டு சிடியா?"

"இல்ல மாமா. செஞ்சவங்களே எல்லாருக்கும் குடுக்கறாங்க. உள்ள எப்படி எழுதியிருக்குன்னு பாக்கலாம். வேணும்னா மாத்திக்கலாம்."

"காசு வாங்கறவனே உண்மைய சொல்ல மாட்டான். சும்மா குடுக்கறவன் சொல்லிடுவானா?" என்றார் ஷங்கர்.

சுனிதா ஓடவிட்டாள். கோபுரம் சாய்ந்தது. உருண்டை உருண்டது.

"அந்த உருண்டைதான் எம் புருஷன்" என்றாள் சின்னத்தாயி, அடுப்படியிலிருந்து.

எல்லோரும் சின்னப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கோவிந்தப்பா, "அம்மன் இதுல எங்கம்மா? அம்மன் இருந்தா எப்படி சாயும்?" என்றார்.

"அடியில இருக்கா மாமா. அவ வெயிட்டும் போட்டுட்டேன்."

கோவிந்தப்பா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "இது இன்னா, ஒம்பது புள்ளி எட்டு?"

"கிராவிட்டி மாமா. பூமி கீழ இழுக்குதுல்ல, அது."

"மாத்தலாம்னு சொன்னியே."

"மாத்தலாம், ஆனா..."

"அத்த கம்மி பண்ணு."

குறைத்தாள். கோபுரம் விழுந்தது, ஆனால் மெதுவாக.

"இது பரவால்லியே" என்றார் ஷங்கர். "இந்த ஸ்பீடுன்னா சின்னப்பா குதிச்சிடுவான்."

"ஸ்வல்ப இரு" என்றார் கோவிந்தப்பா. "மொத்தமா எடுத்துடும்மா."

சைபர் போட்டாள். முப்பத்தைந்தடிக் கோபுரம் சரிவில் அசையாமல் நின்றது. கட்டிலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். முப்பத்தைந்தடி ஏகமனதாக நிறைவேறியது. சின்னப்பாவும் தட்டினார். சின்னத்தாயி டம்ளரை ஓங்கி வைத்த சத்தத்தில் நிறுத்திக்கொண்டார்.

சுனிதா பக்கத்திலேயே இன்னொரு டிரெய்லர் வரைந்து, மேலே அறுபதடி ஏற்றி ஓடவிட்டாள். அதுவும் அசையாமல் நின்றது.

"இது யாரு?"

"நாலாவது கிராஸ்."

கோவிந்தப்பாவின் முகம் கறுத்தது. "அறுபதடியா? அது எப்படி நிக்கும்?"

"கிராவிட்டி இல்லன்னா அவங்களுக்கும் இல்லதானே மாமா."

"நமக்கு மட்டும் எடுக்க முடியாதா?"

"எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கோவிந்தப்பா மீசையைத் தடவிக்கொண்டே யோசித்தார். தன் கோபுரம் விழுவதை அவர் பொறுத்துக்கொள்ளக்கூடியவர். எதிரியின் கோபுரம் நிற்பதை அவரால் பொறுக்க முடியாது. "பழையபடியே வெச்சிடு" என்றார்.

வைத்தாள். அவர்களுடையதை நிஜ முப்பதடிக்கு இறக்கினாள். தங்களுடையதை இருபத்திரண்டு ஆக்கினாள். ஓடவிட்டதும் நாலாவது கிராஸ் சாய்ந்து கவிழ்ந்தது. மூன்றாவது கிராஸ் நின்றது.

வாசற்படியில் ஒருவன் விசிலடித்தான். "இன்னொரு தபா போடும்மா" என்றார் ஷங்கர். சின்னத்தாயி வந்து அரிசி உலை வைக்க வேண்டும் என்று விரட்டும்வரை நாலாவது கிராஸை விழவைத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டடி என்று முடிவானது.

"அந்த ஒசரத்துல என் கோலுக்கு இன்னா வேலை?" என்றார் சின்னப்பா.

"முழுசா எறங்கி வர்ற வேலை" என்றாள் சின்னத்தாயி.

மறுநாள் சாயங்காலம் பிரகாஷ் வந்தான். நாலாவது கிராஸ் பல்லக்கின் உச்சியில் நிற்பவன். கழுத்து டேக்கில் ஒரு பென் டிரைவ் தொங்கியது.

"நேத்து காட்டினியாமே, அத இதுல ஒரு காப்பி போட்டுக் குடும்மா" என்றான். "எங்க கமிட்டிக்கு நான் சொன்னா ஏறாது. டிவில காட்டினாதான் ஏறும்."

சுனிதா பென் டிரைவைச் சொருகும்போது கோவிந்தப்பா வாசலில் வந்து நின்றார். "அவனுக்கு எதுக்கும்மா குடுக்கற?"

"யார் கேட்டாலும் குடுக்கலாம்னுதான் மாமா இதை செஞ்சிருக்காங்க."

அவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, குடு. கிராவிட்டிய எடுத்துட்டுக் குடு."

சுனிதா இருந்தபடியே கொடுத்தாள், ஒன்பது புள்ளி எட்டோடு.

திருவிழா அன்று இரண்டு பல்லக்குமே குட்டையாக வந்தன. குழாய்த் திருப்பத்தில் டிரெய்லர் சாக்கடைப் பக்கம் சரிந்தபோது மூங்கில் கிறீச்சிட்டது. சுனிதா தாவணி முனையைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். கோபுரம் ஒரு தரம் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தது. ஒயரெல்லாம் எட்டாத உயரத்தில் போயின. உச்சியில் சின்னப்பா கவட்டைக் கோலால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

மைக்கைப் பிடித்த கோவிந்தப்பா பூ உபயம் யார், சீரியல் செட்டு உபயம் யார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலாவது கிராஸ் பல்லக்கும் பின்னாலேயே திருப்பத்தைப் பத்திரமாகத் தாண்டுவதைப் பார்த்ததும் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு சத்தத்தைக் கூட்டிச் சொன்னார்:

"ரெண்டு பல்லக்குக்கும் கிராவிட்டி உபயம், மூணாவது கிராஸ் கமிட்டி."