மூன்றாவது பிள்ளையின் உயரம்

கட்டிலை நகர்த்தியதும் ஈர நெடி மூக்கைத் துளைத்தது. தரையிலிருந்து இடுப்பளவுக்குச் சுவரெங்கும் கரும்பச்சைப் பூஞ்சை. அவள் கண்ணில் முதலில் பட்டதோ அதன் நடுவே ஏணிப்படி போல ஏறிய ஐந்து பென்சில் கோடுகள்.

கணவர் போட்டவை. பிள்ளைகள் இருவரின் உயரத்தையும் கதவு நிலையில் குறித்தவர், அவர்கள் வெளியூர் போனபின் இந்த ஈரத்துக்குக் கோடு போட ஆரம்பித்தார். வருடத்துக்கு ஒன்று, பக்கத்தில் தேதி. "நம்ம மூணாவது கிடுகிடுன்னு வளருது பாரு!" ஆறாவது கோட்டுக்கு அவர் இருக்கவில்லை.

"இன்சூரன்ஸ்காரர் வர்ற நேரம். அழிச்சு விடுங்க அண்ணி" என்று ஈரத்துணியை நீட்டினாள் நாத்தனார். "குழாய் திடீர்னு ஒடைஞ்சு பூஞ்சை பிடிச்சாதான் குடுப்பாங்க. வருஷக்கணக்கா கசிஞ்சதுன்னா கையை விரிச்சிடுவாங்க. எங்கண்ணன் தேதி போட்டுல்ல சாட்சி எழுதி வச்சிருக்கார்!"

"ஒழுகுதுன்னா பிளம்பரைக் கூப்பிடாம பென்சிலைத் தேடின ஒரே மனுஷன்."

"சீவிக் குடுத்தது யாராம்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பணம் வந்தால் சுவரை இடித்துக் கட்டலாம். வராவிட்டால் இந்த அறையைப் பூட்ட வேண்டியதுதான். அவள் துணியை வாங்கிக் குனிந்தாள். கடைசிக் கோடு கோணியிருந்தது. அன்று அவர் கை நடுங்க, அவள்தான் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். "ஆட்டாதே, அது குள்ளமாயிடும்" என்று அவளையே அதட்டினார்.

துணி அவள் கையிலேயே இருந்தது.

வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "எப்போ மொதல்ல கவனிச்சீங்கம்மா?"

நாத்தனார் இருமினாள்.

"அஞ்சாறு வருஷமாச்சு" என்றாள் அவள். "தேதி அங்கேயே இருக்கு, பாருங்க."

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். "இப்படி எழுதினா உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காதே?"

"தெரியும். எழுதிக்கோங்க."

அவர் போனதும் நாத்தனார் தலையில் கை வைத்தாள். "அண்ணனுக்கு ஏத்த ஜோடிதான் நீங்க!"

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து பென்சிலை எடுத்துச் சீவினாள். பூஞ்சையின் விளிம்பைத் தேடிக் குனிந்தபோது கை லேசாக நடுங்கியது. நாத்தனார் அருகில் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன தடவைக்கு எவ்வளவு ஜாஸ்தி அண்ணி?"

"நாலு விரக்கடை" என்றாள், தேதியை எழுதிக்கொண்டே. "ஆட்டாதே."