பின்பக்கம் ‘வேண்டாம்’ போடு

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், வாக்குச்சீட்டுக்கு இரண்டு பக்கம். முன்பக்கம் ஆட்களின் பெயர்கள், பின்பக்கம் ‘ஆம்’, ‘வேண்டாம்’ என்று பதில் போடும் கேள்விகள். கேள்வி எதுவானாலும் கடைசியில் கை எங்கள் பையில்தான் வந்து நிற்கும். பள்ளிக் கூரைக்கு வரி கேட்டார்கள். சாக்கடைக் குழாய்க்கு வரி கேட்டார்கள். அந்தக் குழாய் கோல்ஃப் மைதானம் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் ஹாமக் பாயின்ட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வயிறெரிந்துதான் ஒரு பாட்டுக் கட்டினேன். நான் பள்ளி பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் என் பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளெல்லாம் அதைப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

“முன்பக்கம் பேரைப் பாரு, பின்பக்கம் ‘வேண்டாம்’ போடு!”

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஓட்டுப் போட வந்துவிட்டார்கள். பாட்டு மட்டும் மறக்கவே இல்லை.

இந்த வருஷம் பின்பக்கத்தில் முதல் தடவையாக எங்களுக்கு நல்லது செய்யும் ஒரு கேள்வி வந்தது. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு வீட்டுவரி வருஷத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, சம்மதமா? கரையோரம் முளைத்த விடுமுறை மாளிகைகளின் விலையைக் காட்டி, என் இரண்டு அறை வீட்டுக்கும் நாலே வருஷத்தில் வரியை மூன்று மடங்காக்கிவிட்டார்கள். அண்ணன் எஸ்ராவும் நானும் பிறந்த வீடு அது. இந்தக் கேள்வி தோற்றால் வீட்டை விற்றுவிடுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தோம். பேசிய அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

“ஊரைக் கெடுத்தது உன் வாய்தான். அதை வச்சே ஊரைத் திருத்து, போ” என்றார் அண்ணன்.

போனேன். செப்டம்பரில் தொடங்கி ஒரு வீடு விடவில்லை. நாய் குரைத்தால் நானும் பதிலுக்குக் கத்தினேன்.

“மிஸ் அர்லீதா, ‘வேண்டாம்’னு சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?” என்று கேட்டான் மீன் விற்கும் லூதர்.

“சொன்னேன். இப்ப ‘ஆம்’ போடுன்னு சொல்றேன்.”

“கோல்ஃப்காரன் எவ்வளவு குடுத்தான்?”

“குடுத்திருந்தா உன் நாறின மீனை வாங்கித் தின்னுக்கிட்டு இருப்பேனாடா? இந்தக் கேள்வி ஜெயிச்சா அவன் வயிறுதான் எரியும். வரி கட்ட முடியாம நம்ம வீடு எப்ப ஏலத்துக்கு வரும்னு காத்துக்கிட்டு இருக்கான்.”

சிரித்தான். ஆனால் யோசித்தான். அடுத்த தடவை போனபோது வாசலில் ‘ஆம்’ பலகையை அவனே நட்டிருந்தான்.

ஓட்டுப் பதிவு எங்கள் சர்ச் கூடத்தில். பொறுப்பாளர் வெர்டெல், அவளும் என் பஸ்ஸில் வந்தவள்தான். வாசலிலேயே மறித்தாள்.

“உள்ள வந்து அந்தக் கேள்வியைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது, மிஸ் அர்லீதா. பேசினா நீங்கன்னுகூடப் பாக்க மாட்டேன், வெளிய அனுப்பிடுவேன்.”

“சட்டம் எனக்கும் தெரியும்டி, வழி விடு.”

தடுப்புக்குள் நின்று முன்பக்கம் முடித்தேன். தாளைத் திருப்பினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தால், ‘வேண்டாம்’ பக்கத்து வட்டம் கன்னங்கரேலென்று நிரம்பிக் கிடக்கிறது! என் கையேதான் நிரப்பியிருந்தது. இரண்டு மாதம் செருப்புத் தேய ஊரெல்லாம் நடந்தவள் நான். கடவுளே, இந்தக் கையை என்ன செய்தால் தகும்?

பேசாமல் தாளை ஓட்டெண்ணும் எந்திரத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? வெளியே சொன்னால் மானம் போகும். போனால் போகட்டும், மானமா மேலே கூரையாக நிற்கப்போகிறது? கையைத் தூக்கினேன். எனக்கு இருப்பது பஸ் டிரைவரின் தொண்டை.

“வெர்டெல்! தப்பாப் போட்டுட்டேன். வேற தாள் குடு!”

கூடமே திரும்பிப் பார்த்தது. வெர்டெல் ஓடி வந்தாள்.

“மெதுவா! எதுல தப்புன்னு சொல்லாதீங்க.”

“சொன்னேனா? தப்புன்னு மட்டும்தான் சொன்னேன். பழக்கதோஷம்.”

பழக்கதோஷம் என்றதும் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்துத் தடுப்புகளில் தாள் திருப்பும் சத்தம் கேட்டது. சரசரவென்று ஒன்று, இன்னொன்று.

“ஐயையோ” என்றான் லூதர். “வெர்டெல், எனக்கும் ஒண்ணு.”

“இங்கயும்” என்றது மூலையிலிருந்து ஒரு பெண் குரல்.

பிறகு என் முதுகுக்குப் பின்னால் மெல்ல, “எனக்கும்.”

திரும்பினேன். “அண்ணா! நீயுமா?”

“கம்முனு இரு. எல்லாம் உன் பாட்டால வந்த வினை.”

அன்று எங்கள் கூடத்தில் மட்டும் பதினேழு தாள்களை ரத்து செய்து புதுத்தாள் கொடுத்தாள் வெர்டெல். கவுண்டி முழுக்க எண்ணி முடித்தபோது ‘ஆம்’ பதினோரு ஓட்டு அதிகம்.

வானொலியில் அந்த எண்ணைக் கேட்டதும் எஸ்ரா சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். எழுபத்தொரு வயதில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“வீடு நம்மளுதுடி, அர்லீதா” என்றார்.

அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தேன்.