முதல் பத்திரிகை

எங்கள் மகள் ரோகிணியின் கல்யாணப் பத்திரிகைகளில் முதலாவதை, அவளுக்குத் தாய்மாமன் முறையான என் பெரியப்பா மகன் அழகுபாண்டி அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிட்டோம். தல்லாகுளத்தில் அவர் வீட்டுக்குப் போய், நானும் என் வீட்டுக்காரர் ராஜபாண்டியும் சேர்ந்து நின்று தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தோம். என் நோட்டில் அந்தப் பெயருக்கு டிக் போட்டிருந்தேன்.

புதன்கிழமை கோரிப்பாளையத்தில் நான்கு வீடு. திருநகரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். கோரிப்பாளையத்தில் நிறுத்தாமல் இவர் நேரே தல்லாகுளம் போனார்.

"எங்க போறீக?"

"மொதப் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான? மொற தெரியாதா ஒனக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் வண்டியை நிறுத்தி இறங்கி, அண்ணன் வீட்டு மணியை அடித்துவிட்டார்.

ஏழு மாதமாக இப்படித்தான், செய்ததையே மறந்துவிடுகிறார். யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் சம்பந்தம் என்னாகுமோ என்று, டாக்டரிடம் போவதைக்கூடக் கல்யாணத்துக்குப் பிறகு என்று தள்ளிவைத்திருந்தேன்.

கதவைத் திறந்த அண்ணன் என்னைப் பார்த்தார். இவர் பையிலிருந்து தாம்பாளத்தை எடுப்பதைப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"முன்னாடி நின்னு நீங்கதான் நடத்திக் குடுக்கணும் மச்சான்" என்றார் இவர்.

"நான் இல்லாமயா மாப்ள" என்று, ஞாயிற்றுக்கிழமை சொன்னதையே சொல்லி அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தாம்பாளத்தின் ஒரு பக்கத்தை நானும் பிடித்திருந்தேன். டிவி பக்கத்தில் கிடந்த, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கொடுத்த பத்திரிகையின் மேல் அண்ணன் மனைவி இருளாயி மதினி பேப்பரைப் போட்டு மூடினார்.

அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டே மதினி கேட்டார்.

"எம்புட்டு நாளா முனீஸு?"

"சித்திரையிலருந்து மதினி."

"நல்லவேள, உங்கண்ணன் 'அன்னிக்கே குடுத்தாச்சே'ன்னு ஒளறல. அவருக்கு வாய்தான் மொதல்ல ஓடும்."

நான் டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தேன். அழுகை வருமென்று நினைத்தேன். வரவில்லை.

வாசலில் அண்ணன் தன் கார்க் கதவைத் திறந்துவைத்திருந்தார். "ஸ்கூட்டர் இங்கயே நிக்கட்டும் மாப்ள. சாவியக் குடுங்க."

"ஏன், நான் ஓட்டுறதுக்கு என்ன?"

"தாய்மாமன் கூட வந்து அழச்சாத்தான் மருவாதி."

இவர் ஸ்கூட்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

எனக்குப் பின்கதவைத் திறந்துவிட்டபடி அண்ணன் குரலைத் தணித்தார். "நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம். மாப்பிள்ள வீட்டுக்கு நான் போயி சொல்லிக்கிறேன்."

"நின்னுபோச்சுன்னா?"

"நிக்கிறதா இருந்தா இப்பவே நிக்கட்டும்."

"சரிண்ணே" என்றேன். கார் கோரிப்பாளையம் பக்கம் திரும்பியது. நோட்டைப் பிரித்து முதல் வீட்டு விலாசத்தைப் படித்தேன்.